காத்தலும் கருத்தும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் காஞ்சி மாநகரில் அடைமழை பெய்யுங்கால், புறாக்களுக்கென நாம் சேர்த்துவைத்த கம்பும் சோளமும் மூட்டையிலேயே ஈரங்கோத்துப் பூசணம் பிடித்துவிடுவதுண்டு. நாம் உண்ணத் தகாதென ஒதுக்கிய அதனைப் 'பறவைதானே, தின்னட்டும்' என்று ஒருமுறை முற்றத்தில் இறைத்தோம். அது தானமா, தீங்கா? பறவைகளின் பூஞ்சை நோய்க்குத் தடுப்பூசி காணும் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோது இவ்வினா நம் நெஞ்சை உறுத்தியது.

ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை ஈரக் கூளத்திலும் பூசணம் பிடித்த தீவனத்திலும் பெருகுவது. அதன் நுண்வித்துக்கள் மூச்சுடன் நுழைந்து, பறவையின் நுரையீரலிலும் காற்றறைகளிலும் தங்கிவிடும். கோழிக்குஞ்சுகள் வாய் திறந்து மூச்சுத் திணறி மடியும். இந்நோய் ஒரு பறவையிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதன்று. சூழலிலிருந்தே வருவது என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. காஞ்சிக்கு மேற்கே இராணிப்பேட்டையில் 1932-ஆம் ஆண்டு தோன்றிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அதனை ஆக்கி வருகிறது. கருவுள்ள முட்டையில் வைரஸை வளர்த்தே அது பெறப்படுகிறது. பூஞ்சைக்கோ முட்டை வேண்டுவதில்லை. ஊட்டக்கூழிலேயே அது வளரும். மாடுகளின் படர்தாமரைக்குச் சோவியத் நாட்டில் உருவான தடுப்பூசி 1970-களிலிருந்தே பயன்பட்டு வந்துள்ளது. பறவைகளின் மூச்சுறுப்பு நோய்க்கோ, வான்கோழிகளில் சோதனைகள் நடந்தும், பண்ணைகளில் பரவலாக வழங்கும் தடுப்பூசி இன்னும் அமையவில்லை.

அமைந்தால் மகிழ்வோம். ஆயினும், அதனைச் சோதிக்க நலமுள்ள குஞ்சுகளுக்கு வேண்டுமென்றே நோயூட்டுதல் சங்கல்ப இம்சையன்றோ? பல்லாயிரம் உயிர்களின் துன்பம் தீருமே என்பர் சிலர். அவ்வாதத்தை எளிதில் தள்ளுதற்கில்லை. ஆனால் தீர்க்கப்படும் துன்பம் எங்கிருந்து வந்தது? ஈரக் கூளத்தை மாற்றாத நம் சோம்பலிலிருந்தும், சிறு கொட்டிலில் பல உயிரை அடைத்த நம் ஆசையிலிருந்தும் பெரும்பாலும் வந்தது. நாம் விளைத்த துன்பத்தைத் தீர்க்க வேறோர் உயிரைத் துன்புறுத்துவது எவ்வாறு அறமாகும்?

பட்டு நகரத்தார்க்கு ஓர் எடுத்துக்காட்டு. பட்டுப்புழுவைச் சுண்ணாம்புபோல் வெளுத்து இறுகச் செய்யும் நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று இத்தாலி நாட்டு அகோஸ்தினோ பாஸ்ஸி 1835-இல் மெய்ப்பித்தார். அவர் கூறிய காப்பு, தூய்மையும் நோயுற்றதைப் பிரித்து வைத்தலுமே. அவ்வாறு காக்கப்பட்ட புழுவும் இறுதியில் கூட்டோடு கொதிநீரில் இடப்பட்டது. கறிக்கென வளர்க்கும் கோழிக்கு ஊசி போடுவதும் இவ்வகையினதே. அக்காப்பு உயிரின் பொருட்டன்று, விலையின் பொருட்டு. செயல் ஒன்றாயினும் கருத்து வேறு. வினைப்பயனும் கருத்தின் வழியதே.

பிரமாதம் எனப்படும் கவனமின்மையையே தத்துவார்த்த சூத்திரம் இம்சையின் வேராகக் காட்டுகிறது. கொல்லும் எண்ணம் நமக்கில்லை என்பது மட்டும் போதாது. தடுப்பூசி வரும்வரையிலும், வந்த பின்னரும், இல்லறத்தார் செய்யத்தக்கன சில உண்டு: தானியத்தை வெயிலில் உலர்த்துதல், பூசணம் கண்டதை இறையாதிருத்தல், நீர்க்கலத்தை நாள்தோறும் கழுவுதல், எஞ்சிய இரையை மாலையில் கூட்டி எடுத்தல்.

நாமும் அந்த மூட்டையை அகற்றிவிட்டோம். முன்பு இறைத்ததை மீட்க இயலாது. இனி இறைப்பதையேனும் நோக்கி இறைப்போம்.