குளிர்கால நெட்டிரவும் உபாசகர் கடமையும்



மார்கழி பிறந்துவிட்டது. தலைநகராகிய தில்லியில் மாலை ஐந்தரை மணிக்கே கதிரவன் மறைந்துவிடுகின்றான். மறுநாட் காலை ஏழு மணி கடந்த பின்னரே அவன் முகம் காணலாகும். மூடுபனி இறங்கிய நாளில் அதுவும் அரிது. உத்தியோகத்தின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் வட ஆர்க்காட்டினின்றும் கோலார் தங்கவயலினின்றும் சென்னையினின்றும் வந்து இங்குக் குடியேறிய நம்மவர்க்கு இவ்விரவுகள் பழக்கமற்றவை.

சென்ற ஆண்டு இதே பருவத்தில் உபாசிகை ஒருவர் எம்மைக் காண வந்தார். கணவரை இழந்தவர், மகன் இரவு வேலைக்குச் செல்பவன். "ஐயா, பகல் எப்படியோ போய்விடுகிறது, இரவுதான் போகமாட்டேன் என்கிறது. ஊரில் மார்கழி என்றால் தெருவெல்லாம் கோலமும் பாட்டுமாக இருக்கும். அந்த வழியை விட்டுத் திரிசரணம் அடைந்தோம்; அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் விட்ட இடத்தில் எதை வைப்பது என்றுதான் தெரியவில்லை" என்றார். அவ்வம்மையார் கேட்டது அவர் ஒருவருடைய கேள்வியன்று. பழைய வழியை விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றில் சொல்லப்படாமல் கிடக்கும் கேள்வி அது. ஆதலின் அதற்குரிய விடையை இவண் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் இருள் யாது என்பதை அறிதல் வேண்டும். இருள் ஒரு பேயன்று, தேவதையுமன்று, ஒளி இல்லாமையே இருள். பூமி தன் அச்சில் இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்து கதிரவனைச் சுற்றுகின்றது. அச்சாய்வினால் டிசம்பர் மாதத்தில் வடபாதி கதிரவனுக்கு அப்பால் சரிந்து நிற்கின்றது. வடக்கே செல்லச் செல்ல இரவு நீளுகின்றது. டிசம்பர் 21, 22 தேதிகளில் சென்னையின் இரவு ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம். தில்லியின் இரவு ஏறத்தாழ 13 மணி 40 நிமிடம். நார்வே நாட்டின் திரோம்சோ நகரிலோ நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை கதிரவன் அடிவானத்தின் மேல் எழுவதே இல்லை. காரணம் உள்ளமையால் காரியம் உண்டு. காரணம் மாறக் காரியமும் மாறும். இதுவன்றோ பகவான் நமக்குக் கற்பித்த முறை? நீண்ட இரவும் அநித்தியமே. டிசம்பர் கடந்தால் அது குறையத் தொடங்கும். இதனை அறிந்தவன் இருளை அஞ்சான்.

நிற்க, பகவான் புத்தர் நடமாடிய மத்திய தேசத்திலும் இக்குளிர் இருந்தது. பாலி நூல்களில் 'அந்தரட்டகம்' என்றொரு பெயர் வருகின்றது. மாசி மாதத்தின் கடைசி நான்கு நாளும் பங்குனியின் முதல் நான்கு நாளுமாகிய எட்டு நாட்களுக்கு அப்பெயர் என உரையாசிரியர் கூறுவர். அவர்கள் கணக்கில் மாதம் பூரணையோடு முடிவதால் நம் மாதக் கணக்கோடு அது சிறிது வேறுபடும். உறைபனி விழும் கடுங்குளிர் நாட்கள் அவை.

அத்தகைய இரவொன்றைக் கழித்த காலையில், ஆளவி நகரை அடுத்த சிம்சபா வனத்தில், மாடுகள் செல்லும் வழியருகே, இலைப் பரப்பின்மேல் பகவான் அமர்ந்திருந்தார். அவ்வழியே உலாவி வந்த ஹத்தகன் என்னும் அரச குமாரன் அவரைக் கண்டு வணங்கி, இரவு நன்கு உறங்கினீரோ என்று வினவினான். நன்கு உறங்கினேன் என்றும், உலகில் நன்கு உறங்குவாருள் யானும் ஒருவன் என்றும் பகவான் விடை பகர்ந்தார். குமாரன் வியந்தான். குளிர்கால இரவு, மாட்டுக் குளம்பு பட்டு இறுகிய நிலம், மெல்லிய இலைப் படுக்கை, இலையுதிர்ந்த மரம், குளிர்ந்த காவியாடை, வாடைக் காற்று. இவற்றின் நடுவே நல்லுறக்கம் எங்ஙனம் கூடும் என்பது அவன் ஐயம்.

பகவான் அவனையே எதிர்வினா வினவினார். காற்றுப் புகாத மாளிகை, கம்பளி விரித்த கட்டில், எரியும் விளக்கு, பணிவிடை செய்யும் மனைவியர் ஆகிய அனைத்தும் உடைய ஒருவன் நன்கு உறங்குவானா என்றார். உறங்குவான் என்றான் குமாரன். அங்ஙனமாயின், ஆசையால் எழும் வெப்பமும், பகையால் எழும் வெப்பமும், மயக்கத்தால் எழும் வெப்பமும் அவன் உடலையும் உள்ளத்தையும் எரிக்குமாயின் அப்போதும் உறங்குவானா என்று பகவான் மேலும் கேட்டார். உறங்கான் என ஒப்புக்கொண்டான் ஹத்தகன். அவ்வெப்பத்தை வேரோடு களைந்தமையால் தாம் இலைமேலும் இனிது உறங்கியதாகப் பகவான் உணர்த்தினார்.

அன்பர்களே, இதனைக் கூர்ந்து நோக்குமின். வெளியே குளிர், உள்ளே நெருப்பு. நம்மை உறங்கவொட்டாமல் செய்வது வெளிக்குளிரன்று. பெரும்பாலும் உள்ளே எரியும் நெருப்பே. மகத வேந்தன் அஜாதசத்து கார்த்திகைப் பூரணை இரவில் மாளிகையின் மேன்மாடத்தில் அமைச்சர் சூழ அமர்ந்து, இந்த அழகிய இரவை எங்ஙனம் கழிப்போம், யாரைக் கண்டால் நெஞ்சு அமைதியுறும் என்று கேட்டான். தந்தையைக் கொன்றவனுக்கு நிலவு என்ன செய்யும்? ஈற்றில் அவன் ஜீவகனுடைய மாந்தோப்பில் பகவானை நாடி வந்தான்.

ஆயின், துன்பத்தைத் தானே தேடிச் சுமப்பதுதான் பௌத்தம் என்று யாரும் மயங்கற்க. கயையில் அதே அந்தரட்டக இரவுகளில் சடைமுடித் தவசியர் பலர் பனி விழும் வேளையில் ஆற்றில் மூழ்கியும் எழுந்தும் தூய்மை தேடினர். நீரினால் தூய்மை வாராது, வாய்மையும் அறமும் உடையவனே தூயவன் என்பது அவர்களைக் கண்ட பகவானின் கருத்து. மார்கழி விடியலில் குளிர்நீரில் மூழ்கினால் புண்ணியம் என எண்ணி நடுங்கும் முதியோர் நம் வீடுகளில் இன்றும் உளராயின், அவர்க்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பதே தம்மம்.

வைசாலியில் நடந்தது இதனினும் தெளிவானது. பிக்குகள் சிலர் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் துணி மூட்டைகளைச் சுமந்து செல்வதைப் பகவான் கண்டார். ஒருவனுக்கு எத்துணை ஆடை வேண்டும் என்பதை அவர் வாயால் மட்டும் விதித்துவிடவில்லை. கடுங்குளிர் இரவில் கோதமகச் சேதியத்தில் வெட்டவெளியில் தாமே அமர்ந்தார். முதலில் ஓராடை, முதல் யாமத்தின் முடிவில் குளிர்ந்தது, இரண்டாவதைப் போர்த்தார். நடு யாமத்தின் முடிவில் குளிர்ந்தது, மூன்றாவதைப் போர்த்தார். கடையாமம் முடிந்து கீழ்வானம் வெளுக்கும் வேளையில் மீண்டும் குளிர்ந்தது, நான்காவதைப் போர்த்தார். குளிர் தாங்காத மென்மையான உடலினரும் வாழ வேண்டுமென்று கருதி, இரட்டையாய்த் தைத்த மேற்போர்வையோடு மூவாடை அணிய இசைவளித்தார். தம் உடலிலே சோதித்து அறிந்து, எளியார்க்கும் இடம் வைத்து விதித்த இந்நெறியே மத்திய மார்க்கம்.

ஆதலின் குளிர்காலத்தில் கம்பளி அணிதலும், சூடான கஞ்சி உண்ணுதலும், பகலில் வெயிலில் இருத்தலும் குற்றமல்ல, கடமைகளே. குளிர் நாடுகளில் பகலொளி குறைவதால் சிலர்க்கு மனச்சோர்வு நோய் உண்டாதலை மருத்துவர்கள் 1984 முதல் தனியாக வகுத்து, ஒளியினாலேயே சிகிச்சையும் செய்து வருகின்றனர். பல நாள் தீராத சோர்வுடையார் வெட்கமின்றி மருத்துவரை நாடுக. இன்னும் இரண்டு எச்சரிக்கை உள. கதவும் சன்னலும் அடைத்த அறையில் கரி அங்கீட்டியை வைத்து உறங்காதீர்; அதிலிருந்து எழும் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு உறங்குவோரை எழாமலே செய்துவிடும். குளிருக்கென்று மது அருந்தாதீர். மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உடலின் உள்வெப்பத்தை வெளியே போக்குகின்றது. சூடு ஏறியதாகத் தோன்றும். உண்மையில் சூடு இறங்கும். ஐந்தாம் சீலம் குளிர்காலத்திற்கும் உரியதே.

இனி, இரவைக் கழிக்கும் முறையை உரைப்பாம். பகவான் இரவை மூன்று யாமமாக வகுத்தார். முதல் யாமம் உலாவியும் அமர்ந்தும் உள்ளத்தைத் தூய்மை செய்தற்குரியது. நடு யாமம் வலப்பக்கமாய்ச் சாய்ந்து, எழும் வேளையை நினைவிற் கொண்டு, உறங்குதற்குரியது. கடையாமம் மீண்டும் விழித்துப் பயிலுதற்குரியது. பிக்குகளுக்குக் கூறிய இதனை இல்லறத்தார் தம் நிலைக்கேற்பக் கொள்ளலாம். மாலையில் வீட்டார் அனைவரும் ஓரிடத்தில் கூடி விளக்கேற்றிப் பஞ்சசீலம் கூறுக. பிள்ளைகளுள் ஒருவர் தம்ம நூலில் ஒரு பக்கம் படிக்க, மற்றையோர் கேட்க. பாட்டியர் கதை கூறுக. உறங்குமுன் கால் நாழிகை மைத்திரி பாவனை செய்க. விடியலில் பிறர் எழுமுன் எழுந்து மூச்சை நோக்கி அமர்க. நாள் முழுதும் ஓடும் ஏழைத் தொழிலாளிக்குப் பகல் பிறருடையது. இரவு ஒன்றே அவனுடையது. அது நீள்வதைக் கேடென்பானேன்?

நம் நாட்டு லடாக்கு மக்கள் இக்கலையில் வல்லவர். அங்கே லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் உளது. குளிர்காலத்தில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே 20 பாகை வரை இறங்குவதுண்டு. வயல் உறங்கும் பருவமே அவர்கட்கு விழாப் பருவம். டிசம்பரை ஒட்டி வரும் கல்தன் நம்சோத் நாளில், ஆசாரியர் சோங்கபாவை நினைந்து மடங்களிலும் வீடுகளிலும் விளக்கு வரிசை ஏற்றுவர். அதனை அடுத்து லோசார் என்னும் புத்தாண்டு. பின் மடந்தோறும் முகமூடி நடனம். வீட்டில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து, வெண்ணெய்த் தேநீர் பருகி, கேசர் மன்னன் கதையை இரவிரவாகக் கேட்பர். கூடியிருத்தலே அவர்கட்குப் போர்வை. நீண்ட இரவைத் தனியே சுமப்பவனுக்கு அது மலை. கூடிச் சுமப்பார்க்கு அது கூரை.

இத் தில்லி மாநகரின் குளிர் இரவொன்று நமக்கு மறக்கற்பாலதன்று. 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, அலிப்பூர் சாலை 26-ஆம் எண் இல்லத்தில், நோயால் நலிந்திருந்த பாபாசாகேப் அம்பேத்கர் தம் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலின் முன்னுரையைத் திருத்தும் பொருட்டுப் படுக்கையருகே வைக்கச் செய்தார் என உடனிருந்தோர் எழுதியுள்ளனர். மறுநாட் காலை அவர் எழவில்லை. 1957-இல் வெளிவந்த அந்நூலை நாம் எந்த இரவில் படிக்கப் போகின்றோம்? இந்த இரவுகளை விட ஏற்றவை வேறு உளவோ?

ஈண்டு ஒன்று கூறி முடிப்பாம். கதவடைத்து இனிதிருத்தல் மட்டும் தம்மமாகாது. நம் சுவருக்கு வெளியே பாலத்தின் கீழும் நடைபாதையிலும் இதே இரவை மெய்யில் தாங்கிக் கிடப்போர் உளர். நம் மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மதுரையில் பகலெல்லாம் ஐயமேற்று, குருடர் செவிடர் முடவர் ஆதரவற்றோர்க்கு ஊட்டி, எஞ்சியதை உண்டு, ஓட்டையே தலையணையாக வைத்துச் சிந்தாதேவியின் அம்பலத்தில் உறங்கினான். மழைக்கால நள்ளிருளில் பசித்தோர் சிலர் வந்து அவனை எழுப்பினர். கொடுக்க ஒன்றுமின்றி அவன் துயருற்றான்; அப்போதே அமுதசுரபி அவன் கைக்கு வந்தது. பாத்திரம் வந்த அதிசயத்தைப் பலரும் பேசுவர். யாம் பெரிதாகக் கருதுவது வேறு. அத்துணை இருளிலும் பசித்தவர்க்கு எவனிடம் செல்வது என்று தெரிந்திருந்தது. உறங்குகின்றவனை எழுப்பலாம், அவன் சினவான் என்று அவர்கள் நம்பினர். நம் வீட்டைப் பற்றி எவரேனும் அங்ஙனம் நம்புகின்றனரா?

அவ்வுபாசிகைக்கு அன்று யாம் இவ்வளவும் கூறவில்லை. "அம்மா, உங்களைப் போல் விழித்திருப்பவர் வேறு யார் என்று பாருங்கள்" என்று மட்டும் கூறினோம். சில நாள் கழித்து வந்தவர், தெருவில் தடி தட்டிச் செல்லும் முதிய காவலாளிக்கு நாள்தோறும் பின்னிரவில் தேநீர் கொடுப்பதாகவும், அதற்காக எழுவதால் விடியலில் பாவனைக்கும் அமர முடிவதாகவும் கூறினார். இரவு நீளம் குறைந்ததா என்று கேட்டோம். "இல்லை ஐயா, அந்தக் கிழவனார்க்குக் கையுறை பின்னத் தொடங்கினேன், இரவு போதவில்லை" என்றார். விட்ட இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு அவரே விடையும் கண்டுகொண்டார்.

ஆகவே அன்பர்களே, இக்குளிர்காலத்தில் வீட்டுக்கொரு கம்பளியேனும் வெளியே கிடப்பார்க்கு அளிக்க உறுதி கொள்வோமாக. மாலையில் கூடுவோம், நள்ளிரவில் நன்கு உறங்குவோம், விடியலில் விழிப்போம், தட்டும் கதவைத் திறப்போம். அவ்வாறு செய்யும் குடும்பத்தில் இருள் நீளலாம், துன்பம் நீளாது.

அனைவர்க்கும் மங்களம் உண்டாகுக.