இப்போதைக்குத் தெரிந்தது

பிள்ளைகளுக்கு நோயைப் பற்றிச் சொல்லும்போது உறுதியாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பயந்துவிடுவார்கள் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். சிரம்பான் லோபாக்கில் குடியிருக்கும் எனக்கு இந்த எண்ணத்தில் நம்பிக்கை இல்லை. காரணம், 1999-இல் இந்த வட்டாரம் கண்ட நிப்பா வைரஸ் நோய்.

1998 கடைசியில் பேராக்கில் தலைகாட்டிய காய்ச்சல் அடுத்த சில மாதங்களில் நெகிரி செம்பிலானுக்கும் வந்துவிட்டது. சிரம்பானை ஒட்டிய சிக்காமாட்டிலும், போர்ட்டிக்சன் பக்கம் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா கம்பங்களிலும் பன்றி வளர்த்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் படுத்தார்கள். காய்ச்சல், தலைவலி, பிறகு நினைவு தப்பும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. அது கொசுவால் பரவுவது. எனவே கொசு மருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். வீடுகளிலும் பிள்ளைகளுக்கு அதே பாடம்தான்: "கொசு கடிச்சா மூளைக்காய்ச்சல் வரும். பொழுது சாஞ்சா கதவைச் சாத்து."

ஆனால் கணக்கு உதைத்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுபிள்ளைகளைத்தான் தாக்கும். இதில் விழுந்தவர்களோ உழைக்கும் வயதுக்காரர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. பன்றிக் கொட்டகைக்குள் போய்வந்தவர்களுக்கு நோய் கண்டது. பக்கத்திலேயே இருந்த மலாய்க்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? பிள்ளைகள் இயல்பாகக் கேட்கக்கூடிய கேள்வி இது. "பெரியவங்க சொன்னா கேட்டுக்கோ" என்று நாம் வாயை அடைத்துவிடக்கூடிய கேள்வியும் இதுதான்.

ஆராய்ச்சியாளர்களையும் அதே கேள்விதான் குடைந்தது. 1999 மார்ச் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அதை அமெரிக்க ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் சாயலே அதில் இல்லை. உலகம் அதுவரை அறியாத கிருமி. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியின் எச்சில், மூத்திரம் வழியாக மனிதருக்கும் வந்தது என்பது பின்னால் தெளிவாயிற்று. ராணுவம் இறங்கியது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சீனர்கள், பண்ணைகளில் கூலி வேலை பார்த்த நம்மவர்களும் அதில் உண்டு.

சில மாதங்களுக்குள் விளக்கம் தலைகீழாகிவிட்டது. மருத்துவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கையில் இருந்த தடயத்தை வைத்துப் பேசினார்கள், தடயம் மாறியதும் பேச்சை மாற்றினார்கள். சிக்கல் வீட்டுக்குள்தான். "கொசுதான், வேற பேச்சே இல்ல" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, நாளைக்குக் "கொசு இல்லை" என்று கேட்டால் எதை நம்பும்? "இப்போதைக்குக் கொசுன்னு நெனைக்கிறாங்க, இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க" என்று கேட்ட பிள்ளைக்கு அந்தக் குழப்பம் இல்லை. கோவிட்டிலும் இதுதான் நடந்தது. 2020 தொடக்கத்தில், உடம்புக்கு ஒன்றுமில்லாதவர்களுக்கு முகக்கவசம் வேண்டாம் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் இங்கே நெரிசலான இடங்களில் அதையே கட்டாயமாக்கினார்கள்.

கேரளாவில் மறுபடி நிப்பா என்று செய்தி வந்த ஒருநாள், ஆரம்பப் பள்ளியில் படிக்கும் என் பேத்தி, "தாத்தா, அது வந்தா செத்துப் போயிடுவாங்களா?" என்றாள். "சில பேர் செத்துப் போவாங்க" என்று நம் நாட்டுக் கணக்கைச் சொன்னேன். நாளிதழ் ஓரத்தில் 265 எழுதி, கீழே 105 எழுதி, கடன் வாங்காமலே கழித்தாள்.

"அப்ப 160 பேரு பொழச்சிட்டாங்க."

"ஆமா கண்ணு. ஆனா அதுல சில பேருக்கு ஒடம்பு பழையபடி ஆகல."

"நமக்கு வருமா?"

"1999-க்கு அப்புறம் நம்ம நாட்டுல யாருக்கும் வரல. ஆனா அந்தக் கெலுவாங் வௌவால் இன்னும் பறக்குது. கடிபட்ட பழத்தைத் திங்காத. நல்ல பழமா இருந்தாலும் கழுவித் தின்னு."

கொல்லையில் ரம்புத்தான் காய்த்திருந்த நேரம். போய் உதிர்ந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஓட்டை விழுந்ததைக் கையால் தொடாமல் குச்சியால் ஒதுக்கித் தள்ளினாள். கிருமியின் வடிவம் பற்றியோ குடும்பம் பற்றியோ அவள் கேட்கவே இல்லை. சாவார்களா, நமக்கு வருமா, நான் என்ன செய்ய வேண்டும்: அவளுக்கு வேண்டியது இந்த மூன்றும்தான். கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் முகத்தில் இருந்த கலக்கம் குறைந்தது.

நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் பெரியவர்கள் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடுகிறார்கள். யாரால் வந்தது? பன்றி வளர்த்தவர்களால் என்று பிள்ளை காதுபடப் பேசுவது சுலபம். அந்தக் குடும்பங்கள்தாம் ஆளையும் இழந்து பிழைப்பையும் இழந்தன. சுங்கை நிப்பா மக்களுக்கு ஊர்ப்பெயரே நோய்ப்பெயராகிவிட்டது. புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயர் வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது 2015-இல்தான். பிள்ளைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லலாம்: கொட்டகை ஓரத்துப் பழமரத்துக்கு வௌவால் வந்தது, அது கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்தது, பன்றிக்கு நோய் தொற்றியது, அந்தப் பன்றிகள் லாரி ஏறி ஊர்விட்டு ஊர் வந்தன. இப்படிக் கேட்ட பிள்ளை அடுத்து எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்று கேட்கும். யாரை வெறுப்பது என்று அதற்குத் தோன்றாது.

2018-இல் கேரளத்துப் பேராம்பிரா மருத்துவமனையில் நிப்பா நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி புதுசேரி அதே நோயில் இறந்தார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம், அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள் என்றெல்லாம் சொல்வது நம் வழக்கம். அப்படிக் கேட்ட பிள்ளை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும், அல்லது தூங்கவே பயப்படும். அம்மா இறந்துவிட்டாள், இனி வரமாட்டாள், ஒருவரைக் காப்பாற்றப் போன இடத்தில் நோய் தொற்றியது என்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆனால் அந்தச் சொல்லைப் பிறகு எந்த வயதிலும் திருத்த வேண்டியிருக்காது.

சாவை மாற்றமில்லாமல் சொல்ல வேண்டும். நோய்க்கான காரணத்தை மாறக்கூடியது என்று சொல்ல வேண்டும். நாம் பெரும்பாலும் இதைத் திருப்பிச் செய்கிறோம்: சாவை மழுப்பிவிட்டு, காரணத்தை அடித்துச் சொல்கிறோம். "இப்போதைக்கு" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வதால் பெரியவர்களின் மரியாதை குறைந்துவிடாது. அடுத்த முறை பேச்சை மாற்ற வேண்டிவரும்போது, பிள்ளை நம்மைச் சந்தேகப்படாமல் "ஏன் மாறிச்சு?" என்று மட்டும் கேட்கும்.