முயலின் உயிரும் ஒரு சொட்டு மருந்தும்

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து நான் பள்ளிவாசல் ஹவுளருகே அமர்ந்திருந்தபோது ஒரு வாலிபர் வந்து ஸலாம் கூறி அருகில் அமர்ந்தார். ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். புற்றுநோயோ என்று சந்தேகிக்கப்படும் கட்டிகளிலிருந்து வெட்டியெடுத்த சதைக்குச் சாயமேற்றி, டாக்டரின் பார்வைக்குத் தயார் செய்து கொடுப்பது அவருடைய பணி.

"ஹஜ்ரத், நான் தினமும் சொட்டுச் சொட்டாக ஊற்றும் மருந்துக் குப்பிகள் பலவற்றில் 'ராபிட் மோனோக்ளோனல்' என்று எழுதியிருக்கிறது. அந்த முயலை யாரும் அறுத்துச் சாப்பிடவில்லை. பல தடவை ஊசி போட்டு, மண்ணீரலை எடுப்பதற்காகக் கொன்றிருக்கிறார்கள். இந்தச் சம்பளம் எனக்கு ஹலால்தானா?" என்று கேட்டார்.

முயல் ஹலாலான பிராணிதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடத்தான் முதலில் எனக்குத் தோன்றியது. அனஸ் (ரலி) அவர்கள் மர்ருள் ளஹ்ரான் என்னுமிடத்தில் ஒரு முயலைத் துரத்திப் பிடித்ததும், அபூதல்ஹா (ரலி) அவர்கள் அதை அறுத்து அதன் தொடையை நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்பி வைத்ததும், அவர்கள் அதை ஏற்றுக் கொண்டதும் புகாரியில் பதிவாகியுள்ளன. மண்ணீரலோ, உண்ண அனுமதிக்கப்பட்ட இரண்டு இரத்தங்களில் ஒன்றாக ஹதீஸில் சொல்லப்பட்டதாகும். ஆனால் அந்த வாலிபர் கேட்டது சாப்பாட்டைப் பற்றி அல்லவே! உண்ணப்படாமலேயே ஓர் உயிர் போயிற்றே, அதற்கு யார் பொறுப்பு என்றல்லவா அவர் கேட்டார்! மறுநாள் வரச் சொல்லிவிட்டு, முதலில் அவருடைய வேலையைத் தெரிந்து கொள்ள முயன்றேன். விஷயம் தெரியாமல் மஸ்அலா சொல்லுவது ஆலிமுக்கு அழகல்ல.

தெரிந்து கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் மார்பில் கட்டி இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதிலிருந்து எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை 250 பங்கு வைத்தால் வரும் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டுகிறார்கள். அதைச் சூடுபடுத்திப் பதப்படுத்திய பின் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளை அதன்மீது ஊற்றுகிறார்கள். அந்நியப் பொருள் உடம்புக்குள் புகுந்தால் அதைப் பற்றிப் பிடிப்பதற்காக அல்லாஹு தஆலா இரத்தத்தில் அமைத்திருக்கும் காவற்படைதான் இது. ஒவ்வொரு ஆன்டிபாடியும் ஒரேயொரு இலக்கைத்தான் தேடிப் பிடிக்கும். பிடித்த இடத்தை இன்னொரு மருந்து பழுப்பு நிறமாக்கிக் காட்டும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை ஏற்கும் பொருளைத் தேடும் ஆன்டிபாடியை ஊற்றி, உயிரணுவின் மையக்கரு பழுப்பானால், அந்தப் பெண்ணுக்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை பலன் தரக்கூடும். ஹெர்-2 என்ற பொருளைத் தேடி ஊற்றி, அணுவின் ஓரம் முழுதும் அழுத்தமான பழுப்பு வளையம் கட்டினால், அதற்கென்றே உள்ள ஊசி மருந்து இருக்கிறது. எதுவும் பழுக்காவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்துத் தாய் எந்த மருந்தைச் சாப்பிடப் போகிறாள் என்பது இந்தச் சொட்டில் தொங்குகிறது.

இவ்வகை ஆன்டிபாடிகளை ஒரே அச்சாக, ஒரே அணுவின் சந்ததியிலிருந்து பெருக்கும் வித்தையை 1975-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டறிந்தார்கள். 1984-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பயன்படுத்தியது சுண்டெலி. சுண்டெலியின் உடம்பு தன் உடம்பிலுள்ளதைப் போன்ற பொருளைக் கண்டால் அந்நியம் என்று எண்ணாமல் விட்டுவிடும். முயலோ அப்படிப்பட்ட பலவற்றையும் இனங்கண்டு, மிக இறுக்கமாகப் பற்றும் ஆன்டிபாடியை உண்டாக்குகிறது. அதனால் முயலை நாடினார்கள். ஆனால் முயலின் அணுவோடு இணைத்து வளர்ப்பதற்கு ஏற்ற துணை அணு நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1995-ல்தான் சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் நைட் என்ற பெண்மணியின் குழுவினர் அதைச் சாதித்து வெளியிட்டார்கள்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். சிரியாவுக்குப் படை அனுப்பிய வேளையில் அபூபக்கர் (ரலி) அவர்கள் தளபதி யஸீத் இப்னு அபீ ஸுஃப்யான் (ரலி) அவர்களிடம், உண்பதற்காகவே தவிர ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்கக் கூடாது என்று கட்டளையிட்டதாக முவத்தாவில் காண்கிறோம். வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் தன் இறைவனிடம் முறையிடும் என்ற கருத்தில் நஸாயீயில் ஒரு ஹதீஸ் வருகிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையில் பேச்சு இருந்தாலும் கருத்தில் பேச்சில்லை. பயனின்றிக் கொல்லுவதுதான் அதில் கண்டிக்கப்படுகிறது. அப்படியானால் பயன் என்பது வயிற்றோடு முடிந்துவிடுமா? கால்நடைகளில் மனிதருக்குக் கதகதப்பும் இன்னும் பல பயன்களும் இருப்பதாகக் குர்ஆன் ஷரீஃபில் அந்நஹ்லு அத்தியாயம் கூறுகின்றது. உயிரைக் காப்பதை மார்க்கத்தின் ஐந்து பெரும் நோக்கங்களில் ஒன்றாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எண்ணியிருக்கிறார்கள். ஆகவே நோயறிய வேறு தக்க வழியில்லாதபோது ஒரு முயலின் உயிரை இதற்குப் பயன்படுத்துவது கூடும் என்றே எனக்குப் படுகின்றது. மருந்து கையில் பட்டால் கழுவிவிட்டுத் தொழ வேண்டியதுதான். அதில் பெரிய சிக்கல் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. அவசியத்தின் பேரில் கிடைத்த அனுமதி அந்த அவசியத்தின் அளவோடு நின்றுவிடும் என்பது ஃபுகஹாக்களின் சட்டவிதி. அளவு எது?

இங்கேதான் அந்த வாலிபர் சொன்ன ஒரு தகவல் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. முயலின் அணு எந்த மரபுக் குறிப்பைக் கொண்டு ஓர் ஆன்டிபாடியைச் செய்ததோ, அந்தக் குறிப்பை இப்போது எழுத்தெழுத்தாகப் படித்துப் பதிவு செய்துவிடுகிறார்களாம். பிறகு அதைக் கூடத்தில் வளர்க்கும் வேறு அணுக்களுக்குள் செலுத்தினால், அதே ஆன்டிபாடி எத்தனை காலமானாலும் கிடைத்துக் கொண்டிருக்கும். இன்னொரு முயல் வேண்டியதில்லை. குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ் ஒருவர் மவ்த்தானாலும் கிதாபு இருக்கிறதல்லவா, அதுபோல என்று அவரே உவமை சொன்னார். (நானாகச் சொல்லத் துணிந்திருக்க மாட்டேன்.) அப்படியானால் முதல் முயலுக்கு இருந்த நியாயம், அதே காரியத்துக்காகப் பத்தாவது முயலுக்கு எங்கிருந்து வரும்? குறிப்பு எழுதி வைக்கப்பட்ட பிறகும், மலிவு என்பதற்காகவோ சோம்பலினாலோ மீண்டும் முயலை வளர்த்துக் கொல்லுகிறவர், மருத்துவத்தின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

இன்னொன்று அதைவிடக் கடுமையானது. குப்பியின் மேல் ஒரு பெயரும், உள்ளே வேறு குணமுமாக இருக்கும் ஆன்டிபாடிகளும் சந்தையில் உண்டாம். தேடச் சொன்ன இலக்கைப் பிடிக்காமல் வேறெதையோ பிடித்துக் கொண்டு பொய்ச் சாயம் காட்டும். 2015-ல் விஞ்ஞானிகள் நூறு பேருக்கு மேல் கையொப்பமிட்டு, ஆராய்ச்சிக்கு விற்கப்படும் ஆன்டிபாடிகளை மரபுக் குறிப்போடு ஒழுங்குபடுத்த வேண்டும் என்று 'நேச்சர்' இதழில் முறையிட்டார்கள். அவர்கள் கவலைப்பட்டது வீணான பணத்தையும் ஆராய்ச்சியையும் பற்றி. எனக்கோ அந்தச் சிட்டுக்குருவிதான் நினைவுக்கு வந்தது. பிடிக்காத ஆன்டிபாடிக்காகக் கொல்லப்பட்ட முயலுக்கும், விளையாட்டுக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட குருவிக்கும் என்ன வித்தியாசம்?

கொல்லப்படுவதற்கு முன் அந்தப் பிராணி படும் பாட்டையும் மறந்துவிடலாகாது. ஊசியோடு கலக்கும் சில மருந்துகளால் தோல் புண்ணாகி வீங்குவதுண்டு. அறுக்கும் கத்தியைக் கூராக்கிப் பிராணிக்கு இதமளிக்கச் சொன்ன மார்க்கம், ஊசிக்கு மட்டும் விலக்கு அளிக்குமா? மண்ணீரலைத் தொடாமல், எடுத்த இரத்தத்திலிருந்தே தேவையான அணுக்களைப் பிரிக்கும் முறையும் வந்திருக்கிறது.

பிராணியே வேண்டாம் என்போரும் உண்டு. கிருமிகளைத் தாக்கும் வைரஸ்களைக் கொண்டு ஆன்டிபாடிகளைத் தெரிந்தெடுக்கும் முறைக்காக 2018-ல் ஸ்மித், வின்டர் ஆகியோருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வகம் ஒன்று, ஆன்டிபாடிக்காகப் பிராணிகளைப் பயன்படுத்துவதைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. விஞ்ஞானிகளில் பலர் அதை மறுத்தார்கள். அவர்களுக்கிடையே தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்த முறை நோயாளிக்கு முயலின் ஆன்டிபாடி அளவுக்கே நம்பிக்கை தரும் நாள் வந்தால், இந்த அனுமதியின் அடிப்படையே அன்று தளர்ந்துவிடும் என்பதை மட்டும் சொல்லலாம்.

மறுநாள் அவர் வந்தபோது, "தம்பி, உங்கள் சம்பளம் ஹலால்தான். ஆனால் குப்பியைத் திறக்கும்போது கவனமாக இருங்கள்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, புதிய குப்பி வந்தால் விடை முன்பே தெரிந்த சதையில் அதைச் சோதித்துப் பார்த்த பிறகே நோயாளியின் சதையில் ஊற்ற வேண்டும் என்பது விதி என்றும், வேலை மிகுந்த நாட்களில் அதைச் சிலர் தாண்டிப் போய்விடுவதுண்டு என்றும் சொன்னார். "நானும் இரண்டு தடவை தாண்டியிருக்கிறேன் ஹஜ்ரத். அந்த இரண்டு நோயாளிகளின் மெழுகுக் கட்டிகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன" என்றார்.

எடுத்து மறுபடியும் சோதித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் முன்பே புறப்பட்டுப் போய்விட்டார். வல்லாஹு அஃலம்.