இரத்தம் சொல்லும் கணக்கு

வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் நம்மவர்கள் முதலில் செய்யும் காரியம் என்ன? மூத்த மகன் டாக்டரை அறை வாசலிலேயே மறித்து, "வாப்பாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்; எங்களிடம் மட்டும் சொல்லுங்கள், இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்பதுதான். இக்கேள்வியில் அன்பு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. நியாயமும் இருக்கிறதா என்பதையே இங்கு நாம் ஆராய விரும்புகிறோம்.

இவ்விசாரணை இன்று முன்னிலும் அவசியமாகிவிட்டது. ஏனெனில், "எத்தனை நாள்" என்பதற்கு விடை கூறுவதுபோல் தோன்றும் எண்கள் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கிடைக்கின்றன. புற்றுக்கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் குழுமியிருப்பதை ஜெர்மானிய வைத்தியர் விர்ச்சோ 1863-ஆம் ஆண்டிலேயே கண்டு, அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் உறவு உண்டு என்று கருதினார். அந்த அழற்சியின் அடையாளங்கள் இரத்தத்தில் தெரிகின்றன. அழற்சி மிகும்போது கல்லீரல் சி-ரியாக்டிவ் புரோட்டீனை அதிகமாகவும், அல்புமினைக் குறைவாகவும் உண்டாக்குகிறது. முன்னது லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும், பின்னது 35 கிராமுக்குக் கீழும் இருந்தால் நோயின் போக்குக் கடினமாயிருக்கலாம் எனக் கிளாஸ்கோ நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில், லிம்போசைட் என்னும் இரு வகைகளின் விகிதத்தைப் பார்ப்பது மற்றொரு முறை. 2014-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 100 ஆய்வுகளில் இடம்பெற்ற 40,559 நோயாளிகளைக் கணக்கிலெடுத்து, இவ்விகிதம் உயர்ந்திருந்தவர்களின் ஆயுள் பொதுவில் குறைந்திருக்கக் கண்டது.

ஆகவே எண் பொய் சொல்லவில்லை. ஆனால் யாரைப் பற்றிச் சொல்கிறது? நாற்பதினாயிரம் பேரைப் பற்றிச் சொல்கிறது. கட்டிலில் படுத்திருக்கும் அந்த ஒருவரைப் பற்றி அன்று. மேலும், நெஞ்சுச் சளியோ, ஆறாத புண்ணோ, ஸ்டீராய்டு மருந்தோகூட அதே விகிதத்தை உயர்த்திவிடும். எண் உயர்ந்திருந்தால், "இனி எதற்குச் சிகிச்சை?" என்று கைவிடுவதும், தாழ்ந்திருந்தால், "பயமில்லை" என்று அசட்டையாயிருப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்களே.

அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டின் வாழ்க்கையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1982-இல், நாற்பது வயதில், வயிற்றுறையில் மீசோதீலியோமா என்ற புற்று அவருக்குக் கண்டது. நூல்களைப் புரட்டியபோது, இந்நோய் கண்டவர்களின் இடைநிலை ஆயுள் எட்டே மாதம் என்றிருந்தது. அவர் கலங்கினார், பின்பு யோசித்தார். பாதிப்பேர் எட்டு மாதத்திற்குள் இறக்கிறார்கள் என்றால், மற்றப் பாதிப்பேர் அதைத் தாண்டுகிறார்கள் அல்லவா? அவர்களில் சிலர் வெகுகாலம் வாழ்கிறார்கள் அல்லவா? அந்தச் சிலருள் தாமும் ஒருவராகலாம் என்று துணிந்து சிகிச்சை பெற்றார். இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002-இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார். எல்லோருக்கும் இவ்வாறு நிகழும் என்று நாம் சொல்லவில்லை. எண்ணை அவர் தாமே தேடி அறிந்துகொண்டார். அதனாலேயே அதனுடன் வாதாட அவரால் முடிந்தது என்பதையே சொல்கிறோம்.

"உறுதியில்லாத எண்ணைச் சொல்லி அவர் மனத்தை ஏன் உடைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். 1961-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நூற்றுக்குத் தொண்ணூறு டாக்டர்கள் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாதிருப்பதே நலம் என்றுதான் கருதினர். 1979-இல் வெளியான ஆய்விலோ நூற்றுக்கு 97 பேர் சொல்வதே முறை என்றனர். எண் உறுதியானதாயின், அதை யார் அறிந்தாலும் முடிவு மாறப்போவதில்லை. உறுதியற்றது என்பதால்தான் தீர்மானம் தேவைப்படுகிறது: கடும் சிகிச்சையைத் தாங்குவதா, வீட்டில் அமைதியாயிருப்பதா என்று. வலியைச் சுமப்பவர் எவரோ, தீர்மானமும் அவருடையதே. கொடுக்க வேண்டிய கடனும், பிரிக்க வேண்டிய சொத்தும், பேச்சு முறிந்த தம்பியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் அவருக்கிருக்கலாம். அந்நாட்களை அவருக்குத் தெரியாமல் நாம் எண்ணிக்கொண்டிருப்பது, பிறர் அமானிதத்தை நம் பெட்டியில் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகாதா?

அதற்காகக் கேளாதவர் காதில் எண்ணைத் திணிக்க வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. அறிய விரும்பாதிருப்பதும் அவர் உரிமையே. ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். நாம் அவருக்காகச் சொல்லிவிடக் கூடாது. ஆதலால் டாக்டரை வாசலில் மறிக்குமுன், மகன் கட்டிலருகே அமர்ந்து, "வாப்பா, உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?" என்று ஒரு முறை கேட்கட்டும். அன்பும் நியாயமும் சேர்ந்து நிற்கும் இடம் அதுவே என்பது நம் துணிபு.