உயிரெழுத்து நீங்கிய கொடிகள்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்பகுதியாகிய சீனன்குடாவில் எண்ணெய்க் கப்பலொன்று இறங்குதுறையை அணைந்து எண்ணெய் இறக்குங்கால், அதன் கொடிக்கயிற்றிற் செந்நிறக் கொடியொன்று பறத்தல் வேண்டும். சர்வதேசக் கடற்குறியீட்டில் அது 'பி' என்னும் எழுத்துக்குரிய கொடி. அபாயகரமான சரக்கை ஏற்றுதல், இறக்குதல், கொண்டுசெல்லுதல் ஆகியவற்றை அது உணர்த்தும். எழுத்துக் கொடிகள் 26, எண் கொடிகள் 10, ஏற்றிய கொடியையே மீளக் குறிக்கும் பிரதிக் கொடிகள் 3, விடைக்கொடி 1 என நாற்பது துணித்துண்டுகளைக் கொண்டு மாலுமி கடலிற் பேசுகின்றான்.

இம்முறையின் முன்னோடி 1857இல் பிரித்தானிய வர்த்தகச் சபை வெளியிட்ட குறியீடாகும். அதில் இருந்தவை பதினெட்டு எழுத்துக் கொடிகளே. பதினெட்டிலிருந்து நான்கைத் தெரிந்தெடுக்கும் சேர்மானங்கள் 3,060. ஒவ்வொரு நான்கையும் மேல்கீழாக 24 விதமாய் ஏற்றலாமாதலின் வரிசைமாற்றங்கள் 73,440 ஆகின்றன. இரு கொடிகளால் ஆவன 306. மூன்றால் ஆவன 4,896. ஆக 78,642 குறிகள். ஒரு சிறு பெட்டியில் அடங்கும் பொருள்கள் இத்துணைப் பெரிய அகராதியைத் தாங்குவது வியப்பே.

ஆயின் சிந்தனைக்குரியது இத்தொகையன்று. அப்பெட்டியில் வைக்கப்படாத கொடிகளே. அருகி வழங்கும் சில எழுத்துகளோடு ஐந்து உயிரெழுத்துகளும் அதில் விலக்கப்பட்டிருந்தன. கொடிகள் தற்செயலாகவேனும் வேண்டுமென்றேனும் இழிசொல்லாக அமைந்துவிடலாகாது என்பதே உயிரெழுத்துகளை நீக்கியமைக்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. உயிரின்றி மெய் இயங்காது என்பது தமிழிலக்கணம் கற்றார் அறிந்ததே. இங்கோ மெய் மட்டும் கொடிமரம் ஏறிற்று. வசைச்சொல் பிறக்க வழியில்லாது போயிற்று.

இதன் விலையையும் கணித்தல் தகும். ஐந்து உயிர்களும் சேர்ந்து 23 கொடிகள் இருந்திருப்பின் நான்கு கொடிக் குறிகள் மட்டும் 2,12,520 ஆகியிருக்கும். விரல்விட்டு எண்ணத்தக்க சில சொற்களுக்கு அஞ்சி 1,39,080 குறிகள் கைவிடப்பட்டன. எஞ்சியவையே தேவைக்குப் போதுமாயிருந்தன. ஆதலின் இழப்பொன்றுமில்லை எனச் சிலர் வாதிக்கலாம். இவ்வாதம் முற்றிலும் தள்ளத்தக்கதன்று. எனினும், உயிரெழுத்து உள்ள ஒரு பெயரை நேரே எழுத்துக்கூட்டிக் காட்ட இயலாத நிலை ஏற்பட்டதை அது கருதவில்லை. திருகோணமலை என்னும் பெயரே ஆங்கில எழுத்தில் ஐந்திடத்து உயிரெழுத்தை வேண்டுவது.

தவறு செய்யும் வாய்ப்பையே நீக்கிவிட்டால் எஞ்சி நிற்பது நல்லொழுக்கமா என்பதே இங்கு எழும் வினா. வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறள் இதற்கு ஒரு வகையில் விடை தருகின்றது. சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனை அடக்குதலையே வள்ளுவர் அடக்கமாகக் கொள்கின்றார். பலியாத இடத்து அடக்கத்தை அவர் பொருட்படுத்தவில்லை. இவ்வளவுகோலால் நோக்கின், உயிர்க்கொடி இல்லாத மாலுமி வசை கூறாதிருந்தமை அவனுக்குப் புகழாகாது.

ஆனால் விதி வகுப்போன் மாலுமியின் மேன்மையை வளர்க்கப் புறப்பட்டவனல்லன். இரு கப்பல்களுக்கிடையே வீண் பகை மூளாதிருப்பதே அவன் நோக்கம். கூரிய கத்தியைக் குழந்தைக்கு எட்டாதபடி வைக்கும் தாயும் குழந்தையின் அறவுணர்வை அளப்பதற்காக அவ்வாறு செய்வதில்லை. அவள் செயல் தக்கதே. வளர்ந்தவர்களையும் குழந்தைகளாகவே என்றும் எண்ணுமிடத்துத்தான் அது குற்றமாகின்றது. 1901இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட குறியீட்டில் உயிரெழுத்துகள் உள்ளிட்ட 26 கொடிகளும் இடம்பெற்றன. கடல்வாழ்வு அதனாற் சீரழிந்துவிடவில்லை.

மேலும், கடலிற் பெருந்தீங்கு விளைப்பது வசையன்று, பொய்யே. பொய்க்கு உயிரெழுத்து வேண்டியதில்லை. 78,642 குறிகளுள் எதனையும் பொய்யாக ஏற்றலாம். ஏற்ற வேண்டிய ஒரு கொடியை ஏற்றாது விடுதலும் பொய்யே. சீனன்குடாவில் எண்ணெய் இறங்கிக்கொண்டிருக்கையில் 'பி' கொடியை மடித்துப் பெட்டியில் வைத்திருப்பவன், எந்தச் சேர்மானத்தையும் பயன்படுத்தாமலே, அருகே வரும் படகோட்டியை ஏமாற்றுகின்றான். அந்தக் கொடியை விலக்கி அத்தீங்கைத் தடுக்க எவராலும் இயலாது.