வேலைத்தலத்தில் வணக்கமும் அமானிதமும்



நம் கடையநல்லூரில் தறிக்குழியில் கால் வைத்து நெய்த பெரியவர்களுக்குப் பாங்கு சொன்னதும் நாடாவை வைத்துவிட்டுப் பள்ளிக்கு நடப்பதில் தடையேதும் இருக்கவில்லை. தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. கூலி நெய்த துணிக்கு, உட்கார்ந்த நேரத்துக்கல்ல. இன்றோ நம் பிள்ளைகள் அலுவலகங்களிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். நேரத்தை விற்றவருக்கு அதில் தொழ உரிமை உண்டா?

உண்டு. பர்ளுத் தொழுகையின் நேரம் கூலி ஒப்பந்தத்தில் சேராது என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு. நபிலுக்கோ முதலாளியின் அனுமதி வேண்டும். லுஹர் தொழப் போகிறேன் என்று எழுந்தவர் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அது அமானித மோசடியாகும். இவரால்தான் அடுத்து அனுமதி கேட்பவருக்கும் முகம் சுளிக்கப்படுகிறது.

கேட்கும் முறையும் ஒன்று உண்டு. மதுரையில் ஒரு முஸ்லிம் காவலர் 2018ல் விடுப்பெடுத்து மக்கா சென்று தாடியுடன் திரும்பினார். தாடி வைத்ததற்காகவும், விடுப்பு முடிந்து உடனே பணிக்கு வராததற்காகவும் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றார். 1957ம் ஆண்டு மதராஸ் போலீஸ் கெஜட்டிலேயே முஸ்லிம் காவலர் பணியின்போதும் சீரான தாடி வைத்துக்கொள்ளலாம் என்று இருப்பதை நீதிபதி எல். விக்டோரியா கௌரி எடுத்துக்காட்டி, 2024 ஜூலையில் அத்தண்டனையை ரத்துச் செய்தார். ஆனால் 2016 டிசம்பரில் விமானப் படை வீரர் ஒருவரின் தாடிக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்துவிட்டது. படையின் விதி வேறு, போலீஸின் விதி வேறு. ஆத்திரப்படுமுன் எழுதப்பட்ட விதியைத் தேடிப் படியுங்கள்.

சிங்கப்பூரில் அரசுப் பொதுச் சுகாதாரத் துறையின் முஸ்லிம் தாதியர் சீருடையுடன் முக்காடு அணிய 2021 நவம்பர் முதல்தான் வழி பிறந்தது. நம் ஊராருக்கு அந்நாட்டுடன் தலைமுறைத் தொடர்பு இருப்பதால் இதைச் சொல்கிறோம். பல்லாண்டுகள் பொறுமையாகப் பேசிப் பெற்ற உரிமை அது.

இதுவரை நாம் கேட்பதைப் பற்றிச் சொன்னோம். கொடுப்பதைப் பற்றிச் சொல்லத்தான் நமக்குத் தயக்கமாயிருக்கிறது. முஸ்லிம் முதலாளிமாரே, உங்கள் கடையில் வேலை பார்க்கும் இந்துச் சகோதரர் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலையிட்டு, கறுப்பு வேட்டியில், செருப்பில்லாமல் வந்தால் என்ன சொல்கிறீர்கள்? குலதெய்வக் கொடைக்கு இரண்டு நாள் லீவு கேட்டால் சம்பளத்தைப் பிடிக்கிறீர்களா? உங்கள் மகனுக்கு ஜும்ஆ நேரம் தரவில்லையென்று வெளிநாட்டு முதலாளியை ஏசும் அதே வாயால் இவரை ஏசலாமா?

ஹிஜ்ரத்தின்போது நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித், அப்போது குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். இரு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து தௌர் குகைக்கு வரச் சொன்னார்கள். தலைக்கு விலை வைக்கப்பட்டிருந்த நேரம் அது! அவருடைய மார்க்கம் அந்த ஒப்பந்தத்துக்குத் தடையாகவில்லை.

ரமலான் வருகிறது என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அம்மாதம் வேலை நேரத்தில் இரண்டு மணி குறையும். நோன்பு நோற்காத முஸ்லிமல்லாத தொழிலாளிக்கும் அதில் பங்குண்டு. நம் கடைகளிலோ முதலாளி நோன்பாளி என்பதால் வேலையாள் மதியச் சோற்றைத் திறக்கக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடக்கிறார். அவர் கேட்கமாட்டார். கடையின் பின்கட்டில் ஓர் இடம் ஒதுக்கி, ஒரு குடம் தண்ணீரும் வைத்து, ‘இங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள்’ என்று முதல் நோன்பன்றே நீங்களே சொல்லிவிடுங்கள்.