பிள்ளைகளோடு நடக்கும் நேரம்



குர்ஆன் ஷரீபில் எறும்பின் பெயரால் ஒரு சூரா உண்டு. தேனீயின் பெயராலும் சிலந்தியின் பெயராலும் உண்டு. நம் பிள்ளைகள் மதரஸாவில் நம்லு, நஹ்லு, அன்கபூத்து என்று இப்பெயர்களை மனனம் செய்து ஒப்பிக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அதே பிள்ளை தெருவில் எறும்பு வரிசையைக் கண்டு குந்திவிட்டால், "நேரமாச்சு, வா" என்று கையைப் பிடித்து இழுக்கும் பெற்றோரே அதிகம்.

சுலைமான் நபி (அலை) அவர்களின் சேனை எறும்புகளின் ஓடை வழியே வந்தபோது, ஓர் எறும்பு தன் கூட்டத்தாரைப் புற்றுக்குள் போய்விடும்படி எச்சரித்ததாக அந்த நம்லு சூராவிலே வருகிறது. அதைக் கேட்ட நபியவர்கள் புன்னகை பூத்தார்கள். உடனே தம் ரப்புக்கு நன்றி செலுத்த அருள்புரியுமாறு இறைஞ்சினார்கள். மனிதரும் ஜின்களும் பறவைகளும் அடங்கிய பெரும் படையை நடத்திச் சென்றவருக்கு ஓர் எறும்புக்காகச் சிரிக்க நேரம் இருந்தது. கடைக்கும் சந்தைக்கும் போகிற நமக்கு இல்லையாம்!

அஸருக்குப் பின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் நடந்து பாருங்கள். தண்ணீருக்கு மேல் சாய்ந்த கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். நார் நாராகப் புல்லைக் கிழித்து வந்து ஆண் குருவிதான் அதைப் பின்னுகிறது. பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து பார்க்கும், பிடித்திருந்தால்தான் குடித்தனம். இதைச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில், பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதித் திரிந்த நம் வயது நமக்கே திரும்பி வருகிறது. அந்நாளில் மரமும் மழையும் நமக்குச் சொந்தக்காரர்களாய் இருந்தன. பிழைப்பு வந்து அந்த உறவை மறக்கடித்தது; பிள்ளைகள் அதை மீட்டுத் தருகிறார்கள்.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க வேண்டாம். மழை பெய்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் தம் ஆடையைச் சற்றே விலக்கி மேனியில் மழை படவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, அது தன் ரப்பிடமிருந்து இப்போதுதான் வந்தது என்று விளக்கினார்கள். முஸ்லிம் ஷரீபில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. அதே அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர், வளர்த்த குருவி இறந்து வாடியிருந்தபோது, அந்தக் குருவியைப் பற்றிப் பெருமானாரே அன்போடு விசாரித்தார்கள். இந்த ஒரு ஹதீஸிலிருந்து 60க்கும் மேற்பட்ட பலன்களை எடுத்து எழுதினார் இப்னுல் காஸ் என்னும் ஷாஃபிஈ அறிஞர். ஒரு சிறுவனின் குருவிக்காக ஒரு கிதாபு!

ரசிப்பது மட்டும் போதாது, அதபும் வேண்டும். தட்டான் வாலில் நூல் கட்டுவதையும் கூட்டைக் கலைப்பதையும் விளையாட்டென்று விட்டுவிடலாகாது. ஸஹாபாக்கள் இரு குஞ்சுகளை எடுத்துவந்தபோது தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நபியவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். எறும்புப் புற்று எரிக்கப்பட்டிருந்ததைப் பார்த்து, நெருப்பால் வேதனை செய்யும் உரிமை நெருப்பின் ரப்புக்கே உண்டு என்று கண்டித்தார்கள். இந்த இரண்டையும் அபூதாவூதில் காணலாம். பிள்ளை கையில் தட்டானோடு நிற்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் சொன்னால் அது வெறும் பாடம்.

இன்னொன்று. லுஹருக்கு முன்பே ஒரு நாள் முற்றத்தில் குச்சி ஒன்றை நட்டுவையுங்கள். உச்சி சாயும்போது உள்ள நிழலைக் கோடிடச் சொல்லுங்கள். அந்த நிழல் போக, குச்சியின் அளவுக்கு நிழல் நீண்டால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் வந்துவிட்டது. ஹனஃபிகளுக்கு இரு மடங்கு. சுவரில் தொங்கும் நேர அட்டவணை வானத்தைப் பார்த்து எழுதியது என்பது பிள்ளைக்கு அன்றைக்கே விளங்கிவிடும். பிறகு மாதக் கடைசியில் மஃரிபு முடிந்ததும் மாடிக்குக் கூட்டிப் போங்கள். நாம் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் பிறை எங்கே என்று பிள்ளை கை நீட்டிக் காட்டிவிடும்.